டைமர் கார்டில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்

1. போன் வந்த காலை

“கம்ப்ரஸர் நிக்கவே மாட்டேங்குது. மில்லு பூரா வெள்ளையா கெடக்கு. உங்க புது கார்டு வந்த பெறவுதான் இவ்வளவும். ஆளை அனுப்புதீங்களா, இல்ல பேனலைக் கழத்தி லாரியில ஏத்தவா?”

போனில் கத்தியவர் ஒரு சுண்ணாம்புக்கல் பவுடர் மில்லின் மேனேஜர் துரைராஜ். கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் முதலாளி நெல்லைநாயகம் சார். அவர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்ததால் கம்பெனியில் இருந்த எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது. சார் என் பக்கம் திரும்பினார். நான் சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு டூல் பையை எடுத்தேன். எங்கள் கம்பெனியில் ‘ஆளை அனுப்பு’ என்றால் அந்த ஆள் நான்தான்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தொண்ணூறுகளின் நடுவில், பேட்டை தொழிற்பேட்டையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மூன்று மேஜை. சர்க்யூட் கார்டு அசெம்பிள் செய்ய ஆறு பெண்கள். அவர்களில் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள் நான் ஒருத்திதான். பெயர் ரஹ்மத். வீடு பேட்டையிலேயே, நடந்தால் பத்து நிமிஷம். தூசி பிடிக்கிற இயந்திரத்துக்கான டைமர் கன்ட்ரோலர் செய்வதுதான் எங்கள் வேலை. நான் செய்த டைமர் ஓடாமல் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்படுகிற அளவுக்கு வேலை பார்த்தவள்தான் நான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. கல்லைப் பவுடராக்கும் மில்லில் தூசி பறக்கும். அந்தத் தூசிக் காற்றைப் பெரிய ஃபேன் ஒன்று உறிஞ்சி, ஒரு இரும்புப் பெட்டிக்குள் தொங்குகிற நீளமான துணிப்பைகள் வழியாக இழுக்கும். தூசி பைக்கு வெளியே படிந்துவிடும், நல்ல காற்று மேலே போய்விடும். படிந்த தூசியை உதற வேண்டாமா? அதற்குத்தான் கம்ப்ரஸர் காற்று. பைகளின் ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒரு வால்வு. வால்வு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடினால், காற்று ‘டப்’ என்று பைக்குள் அடிக்கும். பை ஒரு குலுங்கு குலுங்கும், தூசி கீழே விழும்.

எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், அடுத்த அடிக்கு எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் சொல்வது டைமர். அந்த டைமரின் கார்டில் ஸ்குரூ டிரைவரால் திருப்புகிற மாதிரி இரண்டு சின்னத் திருகு இருக்கும். ஒன்று பல்ஸ், அதாவது வால்வு திறந்திருக்கும் நேரம். இன்னொன்று இன்டர்வெல், அதாவது இரண்டு அடிக்கு நடுவில் உள்ள இடைவெளி. அந்த மில்லுக்கு பல்ஸ் பத்தில் ஒரு நொடி, இன்டர்வெல் பதினைந்து நொடி. இவ்வளவுதான் விஷயம். இதில் ஒன்று பிசகினாலும் கம்ப்ரஸரும் பையும் ஃபேனும் சேர்ந்து படுத்துவிடும்.

2. இசக்கிமுத்து கேட்ட கேள்விகள்

அந்த மில்லுக்கு நான் முதலில் போனது அதற்கு நாலு மாதம் முன்னால், டைமர் கார்டு உள்ளே இருக்கிற பேனலுக்கு வயரிங் செய்ய. சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறி, வழியில் இறங்கி, கால்வாய்க் கரையோடு கொஞ்ச தூரம் நடந்தால் மில்லு. சுடிதாரும் தலையில் துப்பட்டாவுமாக நான் டூல் பையோடு உள்ளே போனபோது, கூடவே ஒரு ஆம்பளை ஆள் வருவார் என்று வாட்ச்மேன் கேட்டையே மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பைகள் தொங்குகிற இரும்புப் பெட்டியின் உச்சிக்கு இருபதடி ஏணி. அதைப் பிடித்துக்கொள்ள மேனேஜர் அனுப்பியவர் கம்ப்ரஸர் ஆபரேட்டர் இசக்கிமுத்து. நாற்பத்தைந்து வயதிருக்கும். தலை, மீசை, புருவம் எல்லாம் ஒரே வெள்ளை. அதில் எது நரை, எது சுண்ணாம்பு என்று அவர் வீட்டம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஏணியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிற ஆளில்லை அவர். கீழிருந்து ஓயாமல் கேள்வி கேட்பார். கேள்வி கேட்கிற ஆபரேட்டர் என்றால் எனக்குக் கொண்டாட்டம். நானும் மேலிருந்து சளைக்காமல் பதில் சொன்னேன்.

மொத்தம் பத்து வால்வு. வால்வைத் திறக்கிற காயில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒயர். ஒன்று காமன், பத்துக்கும் பொது. மற்றது அதனதன் நம்பருக்கு. ஒயர் முனையில் நம்பர் போட்ட சின்ன பிளாஸ்டிக் வளையம் மாட்ட வேண்டும். நான் வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுக்காமல் ஒன்று, நாலு, ஏழு, பத்து, மூன்று என்று தாண்டித் தாண்டி இழுத்ததைப் பார்த்துவிட்டு, கணக்கு தப்புதம்மா என்றார். தப்பவில்லை என்று விளக்கினேன். ஒரு வரிசையை உதறும்போது கிளம்புகிற தூசி பக்கத்து வரிசைப் பையில் போய் ஒட்டும். அடுத்த அடி அந்தப் பக்கத்து வரிசைக்கே விழுந்தால் ஒரே தூசி இங்குமங்கும் அலையும். அதனால்தான் தாண்டி அடிப்பது. அவர் தலையை ஆட்டிவிட்டு, பாக்கெட்டிலிருந்து பீடிக் கட்டின் காகிதத்தை எடுத்து அந்த வரிசையை எழுதி வைத்துக்கொண்டார்.

கடைசியில் பேனல் கதவைத் திறந்து வைத்து மேனேஜருக்கும் அவருக்கும் சேர்த்தே டெமோ காட்டினேன். பல்ஸ் திருகைக் காட்டி, “இதத் திருப்புனா என்னம்மா ஆகும்?” என்று கேட்டார் இசக்கிமுத்து.

“காத்து பூரா ஒரே அடியில காலியாயிரும் அண்ணாச்சி. இத மட்டும் தொட்டுராதீங்க.”

அப்போது அதைச் சாதாரணமாகத்தான் சொன்னேன். பேனல் சாவியை மேனேஜர் இசக்கிமுத்துவிடம் கொடுத்து, இனி இது உம்ம பொறுப்பு என்றார். அவர் அதை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

3. பத்து பல்பு

வைகாசியில் ஒரு கோடை மழை. இடி இறங்கி மில்லில் இரண்டு மோட்டாரும் எங்கள் கார்டும் போய்விட்டன. கார்டை மட்டும் மாற்றினால் போதும். புதுக் கார்டு ஒன்றை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள், நம்ம இசக்கிமுத்தே மாட்டிவிடுவார் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வால்வுக்குப் பத்து, காமன் ஒன்று, கரண்டுக்கு இரண்டு என்று பதிமூன்று ஒயரைக் கழற்றி அதே வரிசையில் மாட்ட வேண்டும். அவர் செய்வார் என்று எனக்கும் நம்பிக்கை இருந்தது.

எங்களிடம் கார்டை டெஸ்ட் செய்கிற முறை ஒன்று உண்டு. ஒரு பலகையில் பத்து ஜீரோ வாட் பல்பு மாட்டியிருப்போம். வால்வுக்குப் பதில் பல்பு. கார்டை இணைத்தால் பல்புகள் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். ஆனால் பத்தில் ஒரு நொடி மட்டும் கரண்ட் பாய்ந்தால் அந்த பல்பு முழுசாக எரியாது, உள்ளே இழை லேசாகச் சிவந்து அடங்கிவிடும். பட்டப்பகலில் கண்ணுக்கே தெரியாது. அதனால் டெஸ்ட் செய்யும்போது மட்டும் பல்ஸ் திருகைக் கடைசி வரை திருப்பி ஒரு நொடிக்கு வைப்போம். அப்போது பத்தும் கோயில் கொடைத் திருவிழா சீரியல் செட் போல அழகாக ஓடும். சாருக்கு அதைப் பார்க்க ரொம்பப் பிரியம். கார்டு வாங்குகிற பார்ட்டி யாராவது வந்தால் கூப்பிட்டுக் காட்டுவார்.

பல்பு ஓடி முடிந்ததும் பல்ஸின் நீளத்தைத் திரையில் காட்டுகிற ஆசிலோஸ்கோப்பில் கார்டைப் போட்டு, பார்த்து, திருகைப் பத்தில் ஒரு நொடிக்கு இறக்க வேண்டும். அதன் பிறகு திருகின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். அது காய்ந்தால் திருகு அசையாது. யாராவது திருப்பினால் பாலிஷ் வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் சீல் அதுதான்.

அந்த நெயில் பாலிஷ் வாங்குவதும் என் வேலை. தொழுகைக்கு ஒளு செய்கிற கையில் நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பதால் நான் நெயில் பாலிஷ் போடுவதே இல்லை. என் பையில் ரத்தச் சிவப்பில் ஒரு பாட்டிலைப் பார்த்துவிட்டு உம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கார்டுக்குப் போடுகிறேன் என்று சொன்னால் நம்பவும் இல்லை. கடைசியில் ஒரு கார்டையே வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அதற்குப் பிறகு பாட்டில் தீர்ந்தால் அவளே வாங்கிக்கொண்டு வந்தாள்.

புதுக் கார்டை மாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மறுநாள் இசக்கிமுத்து மாட்டிவிட்டதாகவும் ஓடுவதாகவும் தகவல் வந்தது. அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்ததுதான் முதலில் சொன்ன போன்.

4. கேட்டிலேயே கேட்டது

ஆனி பிறந்து மேல்காற்று சுழற்றிக்கொண்டிருந்த நேரம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தெரிந்தது. மில்லுக்குக் கிழக்கே இருந்த வாழைத் தோட்டம் முழுக்க இலை வெள்ளையாக இருந்தது.

மில் கேட்டுக்கு உள்ளே, டைம் ஆபீஸ் பக்கத்தில் போட்டிருந்த பெஞ்சில் இசக்கிமுத்து உட்கார்ந்திருந்தார். வேலை நேரத்தில் அவரை அங்கே பார்த்தது எனக்கு ஆச்சரியம். என்ன அண்ணாச்சி இங்க இருக்கீங்க என்று கேட்டேன். வாட்ச்மேன்தான் சொன்னார். சஸ்பெண்ட் ஆகி அஞ்சு நாளாம். அந்த மில்லில் ஒரு வழக்கம். சஸ்பெண்ட் ஆனவர் வீட்டில் இருக்க முடியாது. காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, ஷிஃப்ட் முடியும் இரண்டு மணி வரை கேட்டில் அந்த பெஞ்சிலேயே உட்கார வேண்டும். உள்ளே போகிறவன், வெளியே வருகிறவன் எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். இப்படி ஒரு வழக்கத்தைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவனை அந்த பெஞ்சில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. பெட்டியின் உச்சியிலிருந்து ‘டப்’ என்று வர வேண்டிய அடி, ‘புஸ்ஸ்ஸ்’ என்று இழுத்துக்கொண்டு வந்தது. பதினைந்து நொடி கழித்து மறுபடி ‘புஸ்ஸ்ஸ்’. எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பல்ஸ் ஒரு நொடிக்கு இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் கம்ப்ரஸர் டேங்கில் சேர்த்த காற்று மொத்தமாக வெளியேறுகிறது. அடுத்த அடிக்குள் கம்ப்ரஸரால் நிரப்ப முடியவில்லை. அடிக்கு வேகம் இல்லை, பை உதறவில்லை. பை அடைத்ததால் ஃபேன் இழுக்கவில்லை, இழுக்காத தூசி மில்லுக்குள்ளும் காற்றோடு ஊருக்குள்ளும் போகிறது. ஒரே ஒரு திருகுதான் காரணம்.

மேனேஜர் ரூமுக்குப் போனேன். போனில் கத்தியவர் நேரில் நிதானமாக இருந்தார். ஊர்க்காரர்கள் இரண்டு தரம் வந்து நின்றுவிட்டார்களாம். வாழையும் நெல்லும் போச்சு என்று கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதப் போகிறார்களாம். கம்ப்ரஸர் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கம்ப்ரஸரில் குற்றமில்லை, யாரோ டைமரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

“சாவி அவன்கிட்டதான் இருந்துச்சு. கார்டை மாட்டுனதும் அவன்தான். எதத் திருப்புனா என்ன ஆகும்னு நீங்களே என் முன்னால அவனுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. கேட்டா நான் தொடலன்னு சாதிக்கான்” என்றார் துரைராஜ். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். “செட்டிங் மாத்தப்பட்டிருக்குன்னு சர்வீஸ் ரிப்போர்ட்ல எழுதி கையெழுத்துப் போடுங்க. அது போதும், இன்னைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிருதேன். ஊர்க்காரங்களுக்கும் ஒரு பதில் சொன்ன மாதிரி ஆச்சு.”

பதினெட்டு வருஷம் அந்த மில்லில் வேலை பார்த்தவரின் பிழைப்பு என் பேனாவில் இருந்தது. பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு மேனேஜர் மேஜையில் இருந்த சாவியை வாங்கிக்கொண்டு போனேன்.

5. டார்ச் வெளிச்சத்தில்

பேனலைத் திறந்ததும் முதலில் பார்த்தது ஒயர்களை. பதிமூன்றும் அதனதன் இடத்தில் இருந்தன. தாண்டித் தாண்டி அடிக்கிற வரிசைகூட மாறவில்லை. ஒவ்வொரு ஸ்குரூவும் நன்றாக இறுகியிருந்தது. எங்கள் கம்பெனிப் பிள்ளைகளில் இரண்டு பேர் இதைவிட மோசமாக மாட்டுவார்கள். மனுஷன் சுத்தமாக வேலை பார்த்திருந்தார்.

பிறகு டார்ச் அடித்துப் பல்ஸ் திருகைப் பார்த்தேன். திருகு கடைசி வரை திரும்பியிருந்தது. அதன் மேல் என் சிவப்புச் சொட்டு. ஒரு கீறல் இல்லை, வெடிப்பு இல்லை. நான் வைத்தது எப்படியோ அப்படியே பளபளவென்று இருந்தது.

இந்தச் சொட்டு உடையாமல் இருக்கிறது என்றால், இந்தத் திருகை அந்த மில்லில் ஒருவரும் தொடவில்லை. அது ஒரு நொடியில் இருக்கும்போதே நான் சீல் வைத்திருக்கிறேன்.

கார்டை அனுப்பிய அந்தச் சாயங்காலம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பல்பு டெஸ்ட் ஓடி முடிந்தது. கார்டைக் கழற்றி ஆசிலோஸ்கோப் பக்கம் கொண்டுபோனேன். கரண்ட் போய்விட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சார் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். கரண்ட் வந்தபோது நான் அட்டைப் பெட்டியும் தெர்மோகோலும் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கார்டைக் கையில் எடுத்ததும், கடைசியில் செய்கிற வேலையைக் கை தானாகச் செய்தது. பாட்டிலைத் திறந்தேன், சொட்டு வைத்தேன். நடுவில் ஒரு படியே விட்டுப்போயிருந்தது. தினமும் செய்கிற வேலை என்பதால் சந்தேகமே வரவில்லை.

மில்லின் போனிலிருந்து சாரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த மில்லின் முதலாளிக்குச் சொந்தமான வேறு இடங்களுக்கு நாலு பேனல் பேசி முடிகிற நிலையில் இருந்தது. அதனால் இப்படிச் சொன்னார்.

“ரஹ்மத்து, எப்படியும் நீ அந்த சீலை ஒடச்சுத்தான் சரி பண்ணணும். மெல்ல ஒடச்சு, சரி பண்ணி, புதுசா ஒண்ணு வச்சிட்டு வந்துரு. யாரு திருப்புனான்னு நீ எழுதவும் வேண்டாம். எழுதாம வந்துரு.”

அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் கஷ்டம். நான் எழுதாவிட்டால் மேனேஜர் எழுதிக்கொள்வார். நான் பொய் சொன்னவளாக மாட்டேன். இசக்கிமுத்து மட்டும் வீட்டுக்குப் போவார்.

பேனல் முன்னால் ஸ்குரூ டிரைவரோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். மில்லுக்கு மில்லு ஏணி ஏறுகிற ஒரே பொம்பளை நான். பார்த்தாயா, பொம்பளைப் பிள்ளையை வேலைக்கு அனுப்பினால் இப்படித்தான் என்று எத்தனை பேர் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு என் வேலை மேல் இருந்த கர்வம் அதைவிடப் பெரியது. இந்தச் சீல் உடைந்தால் யாரோ தொட்டார்கள், உடையாவிட்டால் யாரும் தொடவில்லை என்று எல்லா பார்ட்டியிடமும் வாய் கிழியச் சொன்னவள் நான்தான். எனக்குச் சாதகமாக இருக்கும்போது மட்டும் அது சாட்சியா என்ன?

ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டேன். வாட்ச்மேனை அனுப்பி மேனேஜரையும் இசக்கிமுத்துவையும் பேனலுக்கு வரச் சொன்னேன்.

6. இரண்டு மணி ஷிஃப்ட்

இருவரையும் குனிந்து பார்க்கச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினேன். இந்தச் சிவப்பு எங்கள் சீல், இது உடையவில்லை, உடையாமல் இந்தத் திருகைத் திருப்ப முடியாது, தப்பான இடத்தில் சீல் வைத்தது நான் என்று சொன்னேன். மேனேஜர் நம்பவில்லை. அவரையே ஸ்குரூ டிரைவரால் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். திருப்பினார். சிவப்புச் சொட்டு சடக்கென்று இரண்டாக வெடித்தது. அவர் ஸ்குரூ டிரைவரை என்னிடம் கொடுத்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு என் வேலை. ஆசிலோஸ்கோப் கையில் இல்லை. ஆனால் டேங்கில் காற்றழுத்தம் காட்டுகிற கேஜ் இருக்கிறதே. முதலில் கல் போடுவதை நிறுத்தச் சொன்னேன். கம்ப்ரஸர் ஆறு கிலோ அழுத்தம் ஏற்றும் வரை காத்திருந்தேன். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒவ்வொரு அடிக்கும் முள் ஒன்றரை கிலோ இறங்கி, அடுத்த அடிக்குள் மறுபடி ஆறுக்கு வர வேண்டும். ‘புஸ்ஸ்’ குறுகிக் குறுகி ‘டப்’ ஆனது. அரை மணி நேரத்தில் பெட்டிப் பக்கத்தில் இருந்த கண்ணாடிக் குழாயில் கலர் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. அது இறங்கினால் பை திறந்து மூச்சு விடுகிறது என்று அர்த்தம். கம்ப்ரஸர் பத்து நாளில் முதல் முறையாகத் தானாக ஓய்ந்து நின்றது. ஃபேன் மறுபடி இழுக்க ஆரம்பித்தது. இதைச் செய்து முடித்தபோது எனக்கு என் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது.

ரிப்போர்ட்டில் மூன்றே வரி எழுதினேன். கார்டு எங்கள் கம்பெனியில் தவறான செட்டிங்கில் சீல் செய்யப்பட்டது. மில் ஊழியர் யாரும் அதை மாற்றவில்லை. கார்டை மாட்டிய வேலையில் குறையில்லை. கீழே கையெழுத்து.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு, சரி வே, நாளைல இருந்து டியூட்டிக்கு வாரும் என்று இசக்கிமுத்துவிடம் சொன்னார். விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். இசக்கிமுத்து நகரவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

“அஞ்சு நாளா கேக்கவனுக்கெல்லாம் நான் தொடலன்னு சொன்னேம்மா. ஒருத்தனும் நம்பல. நேத்தைக்கு, மாட்டும்போது என் கைதான் தெரியாம பட்டிருக்குமோன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. வீட்டுல அவகிட்ட, நாந்தான் திருப்பிட்டேன் போலன்னு சொல்லிட்டேன்.”

மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்றேன். அது எனக்கே போதாது என்று பட்டது.

“இங்கன சொன்னது எனக்குக் கேட்டுட்டு. என்னை அங்கன பெஞ்சில உக்கார வச்சுப் பாத்தவங்களுக்குக் கேக்கலையேம்மா. ரெண்டு மணிக்கு கேட்டுல வந்து சொல்லுதீங்களா?”

மேனேஜர் குறுக்கே வந்தார். அதெல்லாம் எதுக்கு வே, நான் நோட்டீஸ் போர்டுல போட்டுருதேன், வெளியாளை வச்சு கேட்டுல கூட்டம் போடக் கூடாது என்றார். இசக்கிமுத்து அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லுதேன் அண்ணாச்சி என்றேன்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. காலை ஷிஃப்ட் வெளியே வரவும் அடுத்த ஷிஃப்ட் உள்ளே போகவும் கேட்டில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். இசக்கிமுத்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். கார்டு செஞ்சது நான், தப்பா வச்சு அனுப்புனது நான், இவரு மேல ஒரு தப்பும் கிடையாது, இவரு மாட்டுன வேலை சுத்தமான வேலை என்று சத்தமாகச் சொன்னேன். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள். இன்னொரு தரம் சொன்னேன். யாரோ ஒருவன் சிரித்தான். பொம்பளைப் பிள்ளைக்குத் துணிச்சலைப் பாருலே என்று ஒரு குரல். மற்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்கள். அஞ்சு நாளாக அவரைத் தாண்டிப் போனவர்களில் இரண்டு மூன்று பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

இசக்கிமுத்து அழவில்லை, எனக்கு நன்றி சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கையெழுத்து நோட்டை வாட்ச்மேனிடமிருந்து வாங்கி, சஸ்பெண்ட் ஆனவர்களுக்கான பக்கத்தில் தன் பெயரைத் தானே குறுக்குக் கோடு போட்டு அடித்தார். பிறகு உள்ளே போகிற ஷிஃப்டோடு சேர்ந்து கம்ப்ரஸர் ரூமுக்குப் போனார். அன்று மதிய டியூட்டி அவருடையதே இல்லை.

நாலு பேனலில் இரண்டுதான் எங்களுக்கு வந்தது. சார் என்னிடம் ஒரு வாரம் கடுகடுவென்று இருந்தார், அப்புறம் சரியாகிவிட்டார். டெஸ்ட் பலகையில் இருந்த பத்து பல்பையும் நான் கழற்றி எறிந்துவிட்டு, நிஜ வால்வு காயில்களை மாட்டினேன். பல்ஸைக் கூட்ட வேண்டிய தேவையே இனி இல்லை. பார்க்க அழகாக இல்லை, டக் டக் என்று சத்தம் மட்டும்தான் என்று சார் வருத்தப்பட்டார். காட்சிக்கு வேண்டுமானால் தனியாக ஒரு சீரியல் செட் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் சார் என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மில்லுக்குப் போயிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு வயரிங் வரிசையும் கேஜ் பார்க்கிற வித்தையும் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் ஒருநாள் உங்கள் கையும் ஒரு படியைத் தாண்டிவிடும். அதன் அடி பெரும்பாலும் உங்கள் மேல் விழாது, சாவி வைத்திருக்கிறவர் மேல்தான் விழும். அப்போது பேனல் முன்னால் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒப்புக்கொள்வது சுலபம், நான் அங்கேயே முடித்துக்கொள்ளத்தான் பார்த்தேன். தப்பை எங்கே நின்று சொல்ல வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் கேளுங்கள்.